பிசிறு வைத்த ஒட்டுப்போர்வை: புதிதாகத் தைப்பவர்களுக்கு

கொங்கு நாட்டில் துணிக்குப் பஞ்சமே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வெட்டு மேசையில் மிஞ்சும் பிட்டு, கரூரில் ஏற்றுமதிக்குத் தைத்தது போக ஒதுங்கும் பெட்ஷீட், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் இறங்கும் காடாத் துணி, சென்னிமலைக் கைத்தறிப் போர்வை. இவை போக, ஒவ்வொரு வீட்டுப் பீரோவின் அடித்தட்டிலும் நாலு பழைய சேலையும் லுங்கியும் மடித்தபடி கிடக்கும். நல்ல கனமான போர்வை ஒன்று தைக்க இவையே தாராளம். ஆனால் எல்லாத் துணியும் எல்லா இடத்துக்கும் ஆகாது. எதை வெளியே போடுவது, எதை உள்ளே வைப்பது என்று தெரிந்து தொடங்கினால் போர்வை வருடக்கணக்கில் உழைக்கும். தெரியாமல் கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துத் தைத்தால் நாலு துவைப்பில் தையல் வாய் விடும்.

இந்த வகைப் போர்வையை அமெரிக்காவில் ராக் கில்ட் என்பார்கள். அங்கே பெரும்பாலும் ஃபிளானல் என்னும் மெத்தென்ற துணியில் தைக்கிறார்கள். முறை எளிது. ஒரே அளவுச் சதுரங்களாகத் துணியை வெட்டி, மேல் துணி, அடித் துணி, நடுவில் கொஞ்சம் சிறிய உள் துணி என மூன்று அடுக்கு வைத்து, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாகப் பெருக்கல் குறி போலக் குறுக்கே தைத்துவிட வேண்டும். பிறகு சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது, ஓரத் துணி அடியில் மறையாமல் மேல் பக்கம் நிற்கும்படி தைக்க வேண்டும். அந்த ஓரங்களைக் கத்தரியால் நெருக்கமாக வெட்டிவிட்டுத் துவைத்தால் நூல் பிரிந்து, தையல் வரிசை முழுக்க மெத்தென்ற பிசிறு எழும்பும்.

முதல் முறை தைப்பவருக்கு இதைவிட ஏற்ற போர்வை கிடையாது என்பது என் எண்ணம். ஒவ்வொரு சதுரமும் தனியாகத் தைக்கப்படுவதால், பெரிய போர்வையைச் சுருட்டி மிஷினுக்குள் திணிக்கும் பாடு இல்லை. வீட்டுக் கால் மிஷினே போதும். மூலைகள் அரைக்கால் இன்ச் விலகினாலும் பிசிறு மறைத்துவிடும். சுற்றிலும் பட்டி வைத்து மடித்துத் தைக்க வேண்டியதும் இல்லை.

எது வெளியே, எது உள்ளே

இந்த ஒரு விஷயத்தில் நேரம் செலவிடுங்கள். மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் தானாக வரும்.

பிசிறு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். தறியில் நெய்த துணியில் நீளவாக்கில் பாவு நூல், குறுக்கே ஊடை நூல். தையலுக்கு வெளியே நிற்கும் ஓரத்தைக் குறுக்கே வெட்டும்போது, தையலுக்கு இணையாக ஓடும் நூல்கள் துண்டு துண்டாகிவிடுகின்றன. துவைக்கத் துவைக்க அவை உதிர்ந்துபோகும். தையலைத் தாண்டி வெளியே நீளும் நூல்களின் அடியோ தையலுக்குள் மாட்டியிருக்கிறது. அதனால் அவை உதிராமல் குஞ்சம் போல நிற்கும்.

பனியன் துணியில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. அது கண்ணி கோத்துப் பின்னிய துணி. வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் சுருண்டுகொள்ளும். திருப்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கையில் மூட்டைக் கணக்கில் கிடைப்பது பனியன் பிட்டு என்பதால், பலரும் அதையே மேல் துணியாக வைத்துத் தொடங்கிவிடுகிறார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அதில் பிசிறு வராது. போதாததற்கு, தைக்கும்போதே இழுபட்டுச் சதுரம் கோணலாகிவிடும்.

அதற்காகப் பனியன் துணியை ஒதுக்க வேண்டாம். அதற்குரிய இடம் நடு அடுக்கு. கடையில் விலை கொடுத்து வாங்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைவிடப் பருத்திப் பனியன் துணியைத்தான் நான் விரும்புவேன். வியர்வையை வாங்கும், துவைத்தால் திரளாது, நம் வெயிலுக்கும் புழுக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் இன்டர்லாக் பனியன் துணி கிடைத்தால் அதை எடுங்கள், ஓரம் சுருளாது. வால்பாறை, ஏற்காடு போல மலையில் இருப்பவர்களுக்கு, ஸ்வெட்டருக்குப் போடும் பருத்தி ஃப்ளீஸ் பிட்டு இன்னும் நல்லது. லைக்ரா கலந்த துணி மட்டும் வேண்டாம். அது இழுத்துச் சுருங்குவதால் மேல் துணி சுருக்கம் விழும். நாளாவட்டத்தில் லைக்ரா தன் இழுவையையும் இழந்துவிடும்.

வெளியே வரும் இரண்டு அடுக்குக்கும் நெய்த பருத்திதான். சென்னிமலை, கரூர் பெட்ஷீட் துணி இதற்கென்றே நெய்தது போல இருக்கும்: நூல் கொஞ்சம் தடிமன், நெசவு கொஞ்சம் இளகல், பிசிறு அடர்த்தியாக எழும்பும். காடாத் துணி அடிப்பக்கத்துக்கு நன்றாக உழைக்கும். பருத்தி லுங்கி, கைத்தறித் துண்டு, பழைய பருத்திச் சட்டை எல்லாம் ஆகும். ஜீன்ஸும் ஆகும், ஆனால் இரண்டு பக்கமும் ஜீன்ஸ் வைத்தால் போர்வை பாரமாகிவிடும். மேலே ஜீன்ஸ், அடியில் மெல்லிய பருத்தி என்று வைத்து, உள் அடுக்கை விட்டுவிடலாம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுப் பக்கம் ரேயான் துணி மலிவாகக் கிடைக்கும். வழவழப்பாக இருக்கும், பிசிறும் நன்றாக வரும். ஆனால் ரேயான் நனைந்தால் வலு குறைந்துவிடும். அடிக்கடி துவைத்துப் பிழியப்போகும் போர்வைக்கு அது ஏற்றதல்ல. பாலியஸ்டர் சேலை, நெருக்கமாக நெய்த பாப்ளின் இரண்டிலும் பிசிறு சரியாக எழாது. பவானி ஜமக்காளம் போன்ற கனத்த விரிப்பை நான்கு அடுக்காக வீட்டு மிஷினில் ஓட்ட முடியாது; ஊசிதான் ஒடியும்.

துணி பருத்தியா, கலப்படமா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல வாடையடித்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

பழைய துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். பெட்ஷீட்டின் நடுப்பகுதி உடம்பு பட்டுத் தேய்ந்து, சல்லடை போலத் தெரியும். அதை வெட்டித் தள்ளிவிட்டு இரு பக்கங்களை மட்டும் எடுங்கள். தேய்ந்த துணிக்குப் புதுத் தையல் போட்டால் தையல் நிற்கும், துணி கிழியும்.

வாங்குவதாக இருந்தால் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வகை கிடைக்கும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில் பெட்ஷீட், துண்டு, லுங்கி மலிவாக எடுக்கலாம். எடைக்கு விற்கும் பிட்டு வாங்கும்போது மூட்டையைப் பிரித்து, பத்து இன்ச்சுக்குக் குறைந்த துண்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வெட்டும் முன்

எல்லாத் துணியையும் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். காடாவிலும் புதுக் கைத்தறியிலும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அது போனால்தான் துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கும். சுருங்காத துணியும் சுருங்கிய துணியும் ஒரே சதுரத்தில் சேர்ந்தால் பிறகு ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும்.

சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணிகளை நனைத்து வெள்ளை வேட்டித் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டியதுதான். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்; ஏற்கெனவே சாயமிட்ட துணியில் உப்பு ஒன்றும் செய்யாது. அலசி அலசியும் தெளியவில்லையானால் அந்தத் துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பரிசோதனை. ஒவ்வொரு வகைத் துணியிலும் விரல் நீளத் துண்டு வெட்டி, ஓரத்தில் நாலு வெட்டுப் போட்டு, உள்ளங்கையில் வைத்து ஈரத்தோடு தேயுங்கள். நூல் பிரிந்தால் வெளி அடுக்கு. பிரியாவிட்டால் உள்ளே.

அளவும் வெட்டும்

முதல் போர்வையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் கணக்கு ஆறு சதுர அகலம், ஏழு சதுர நீளம், ஆக 42 சதுரம்.

வெளித் துணி 9 இன்ச் சதுரம்: மேலுக்கு 42, அடிக்கு 42, மொத்தம் 84. உள் துணி 7 இன்ச் சதுரம்: 42. தையல் ஓரம் முக்கால் இன்ச் என்பதால், தைத்து முடித்ததும் ஒவ்வொரு சதுரமும் ஏழரை இன்ச் தெரியும். போர்வை ஏறக்குறைய 46 இன்ச்சுக்கு 54 இன்ச் வரும். சோபாவில் காலைப் போர்த்திக்கொள்ளவும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சரியான அளவு. பெரியவர்கள் போர்த்திக்கொள்ள எட்டுக்குப் பத்து, அதாவது 80 சதுரம் தேவைப்படும். 60க்கு 90 இன்ச் உள்ள சிங்கிள் பெட்ஷீட் ஒன்றில் கரையும் மடிப்பும் போக 54 சதுரம் தேறும். எனவே சின்னப் போர்வைக்குத் தேய்மானம் இல்லாத இரண்டு பெட்ஷீட் தாராளம்.

ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தையைத் தூங்கவைக்கும்போது இதைப் போர்த்த வேண்டாம். கனமான போர்வை முகத்தில் ஏறினால் ஆபத்து. உதிரும் நூலும் வாய்க்குள் போகும். தைத்துவையுங்கள், பிள்ளை வளர்ந்தபின் போர்த்தலாம்.

கெட்டி அட்டையில் 9 இன்ச்சுக்கு ஒன்று, 7 இன்ச்சுக்கு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, அட்டையைத் துணியில் வைத்து சாக்பீஸில் கோடு போடுங்கள். கோடு பாவு நூலோடும் ஊடை நூலோடும் நேராக ஓட வேண்டும். கோணலாக வெட்டிய சதுரத்தில் நூல் உதிராது, சதுரமும் இழுபடும். துணி எந்தப் பக்கம் நேர் என்று தெரியாவிட்டால் ஓரத்தில் சின்ன வெட்டுப் போட்டுக் கையால் கிழியுங்கள். சாதாரண நெசவுப் பருத்தி நூல் ஓடும் வழியிலேயே கிழியும். அந்தக் கிழிசலைக் கோடாக வைத்து அளக்கலாம். நெருக்கமாக நெய்த கரைப்பகுதியைச் சதுரத்தில் சேர்க்காதீர்கள். துவண்ட துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டால் வெட்டு சுத்தமாக வரும்.

தையல்

ஊசி 16ஆம் நம்பர். ஜீன்ஸ் இருந்தால் 18. நூல் நல்ல பாலியஸ்டர் தையல் நூலாக இருக்கட்டும். துணி பருத்தி என்பதற்காக நூலும் பருத்தியாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் போர்வையின் பாரம் முழுக்கத் தையலில்தான் தொங்குகிறது. நூலில் மிச்சம் பிடிக்காதீர்கள். தையல் அளவு இன்ச்சுக்கு எட்டு முதல் பத்து. துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மேல் துணி முன்னே தள்ளிக்கொண்டு போகாது.

முதலில் அடுக்கு. அடித் துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, அதன் நடுவில் 7 இன்ச் உள் துணி, அதற்கு மேல் மேல் துணியை நல்ல பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். சுற்றிலும் ஒரு இன்ச் விளிம்பில் உள் துணி இருக்கக் கூடாது. அது ஓரத் தையலுக்குள் வந்துவிட்டால் மூலை சேரும் இடத்தில் எட்டு அடுக்கு பன்னிரண்டாகிவிடும். வீட்டு மிஷின் திணறும். நாலு குண்டூசி குத்தி, மூலைக்கு மூலை இரண்டு கோடு தையுங்கள். துணியின் நுனிவரை போக வேண்டாம். உள் துணியின் மூலையைச் சற்றுத் தாண்டியதும் முன்னும் பின்னும் நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். இந்தக் குறுக்குத் தையல்தான் துவைக்கும்போது உள் துணி நகர்ந்து ஒரு மூலையில் சேராமல் பிடித்து வைத்திருக்கும்.

42 சதுரமும் தயாரானதும் தரையில் பரப்பி, நிறம் பார்த்து அடுக்குங்கள். ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் விழாமல் மாற்றி மாற்றி வைத்து, ஒரு தடவை எழுந்து நின்று தூரத்திலிருந்து பாருங்கள். வரிசை எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி முதல் சதுரத்தில் குத்திவிடுங்கள்.

இப்போது இணைப்பு. சட்டை, ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்குக் கை இங்கேதான் தடுமாறும். வழக்கமாக நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்துத் தைப்போம். இதில் நேர்மாறு. இரண்டு சதுரங்களின் அடிப்பக்கங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மேல் பக்கம் இரண்டும் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து முக்கால் இன்ச் தள்ளித் தைக்க வேண்டும். விரித்தால் ஓரங்கள் போர்வையின் மேல் பக்கம் எழுந்து நிற்கும், அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். அளவு பிசகாமல் இருக்க மிஷின் தட்டில் ஊசியிலிருந்து முக்கால் இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதே தையலுக்கு வெளிப்பக்கம் அரைக்கால் இன்ச் தள்ளி இரண்டாவது தையல் ஒன்று ஓட்டுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. செய்யச் சொல்லி நான் வற்புறுத்துவேன். நாளை வெட்டும்போது கத்தரி நழுவி வெளித் தையலில் ஒன்றிரண்டு கண்ணி அறுந்தாலும் உள்தையல் காப்பாற்றும்.

பழகிய டெய்லரிடம் வேலையைக் கொடுத்தால், “ஓரத்துக்கு ஓவர்லாக் அடிச்சுக் குடுத்துரட்டுங்களாக்கா?” என்று கேட்பார். வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓவர்லாக் அடித்த ஓரம் பிரியவே பிரியாது.

ஏழு வரிசையும் தனித்தனியாக முடிந்ததும் வரிசைகளை இணையுங்கள். சதுரங்களை இணைத்த தையல்கள் ஒன்றுக்கொன்று நேராக வருகின்றனவா என்று பார்த்து, அந்த இடத்தில் ஓரங்களை இருபுறமும் விரித்து, இரண்டு பக்கமும் குண்டூசி குத்துங்கள். மிஷின் அந்த எட்டு அடுக்கை நெருங்கும்போது காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். வேகமாக மிதித்தால் ஊசி வளையும். இங்கும் இரண்டு தையல்.

கடைசியில் போர்வையைச் சுற்றி நாலு பக்கமும் ஓரத்திலிருந்து முக்கால் இன்ச் தள்ளி அதே போல இரட்டைத் தையல். மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துத் திருப்புங்கள்.

பிசிறு வெட்டுதல்

முக்கால் இன்ச் ஓரத்தில் வெட்டு அரை இன்ச் ஆழம். இரண்டாவது தையலுக்கு அரைக்கால் இன்ச் முன்னாலேயே கத்தரி நின்றுவிட வேண்டும். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே கால் இன்ச்சுக்குச் சற்று அதிகம் இருக்கலாம். அரை இன்ச்சைத் தாண்டினால் பிசிறு எழாமல் பட்டை பட்டையாகத் தொங்கும்.

இந்தச் சின்னப் போர்வையிலேயே தையல் ஓரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 750 இன்ச். அரை இன்ச்சில் முக்கால் பங்குக்கு ஒன்று என்று வைத்தால் சுமார் 2,000 வெட்டு. ஒரே மூச்சில் உட்கார்ந்தால் கட்டைவிரல் கன்றிப்போகும். தினமும் ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டியதும் தானாகத் திறக்கும் ஸ்பிரிங் வைத்த கத்தரி கிடைத்தால் கைக்குப் பெரிய ஆறுதல். நான்கு அடுக்கையும் சேர்த்து வெட்டக் கத்தரிக்கு வலு இல்லையென்றால் இரண்டிரண்டாக வெட்டுங்கள். எப்போதும் கத்தரியின் நுனியால் வெட்டுங்கள். நடுப்பகுதியால் வெட்டினால் நுனி எங்கே போய் நிற்கிறது என்று தெரியாது, தையலுக்குள் புகுந்துவிடும்.

தையல்கள் குறுக்கிடும் மூலைகளில் ஓரங்களைப் பிரித்து வைத்து ஒவ்வொன்றையும் தனியாக வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் அடிப்பக்கத்தைப் பார்த்துத் தையல் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அறுந்திருந்தால் அதற்கு இரண்டு இன்ச் முன்னும் பின்னும் சேர்த்துத் திரும்பத் தைத்துவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும்.

முதல் துவைப்பு

துவைப்பதற்கு முன்பே மொட்டைமாடியில் வைத்து நன்றாக உதறிவிடுங்கள். வெளிநாட்டு முறைகளில் வாஷிங் மிஷினிலும் சூடான டிரையரிலும் போடச் சொல்வார்கள். நமக்குத் துவைக்கிற கல் இருக்கிறது. ஊறவைத்துக் கல்லில் நாலு அடி அடித்து, பிசிறுப் பக்கத்தைக் கையால் கசக்கினால் நூல் பிரியத் தொடங்கிவிடும். முதல் துவைப்பில் நூல் கொத்துக் கொத்தாக உதிரும். அதைச் சாக்கடையில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகாலில் ஒரு வலைத்துணி கட்டிவையுங்கள். வாஷிங் மிஷினில்தான் போட வேண்டுமென்றால் பழைய தலையணை உறைகளைத் தைத்துப் பெரிதாக்கிய பைக்குள் போட்டுக் கட்டி, முடிந்ததும் மிஷினின் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். முதல் சில துவைப்புக்கு வேறு துணியோடு சேர்க்காதீர்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடித்துவையுங்கள். உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பருத்தி விறைத்துப்போகும், பிசிறும் குத்தும்.

ஆடி மாதம் இதற்கு நல்ல காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் கொடியில் போட்ட துணி ஓயாமல் அடித்துக்கொள்ளும். டிரையர் செய்யும் வேலையில் பாதியை அந்தக் காற்றே செய்துவிடும். கொடி அறுந்துவிடாமல் நல்ல கயிறாகக் கட்டுங்கள். நனைந்த போர்வை உலர்ந்ததைவிட மிக அதிகமாகக் கனக்கும். அரை ஈரத்தில் ஒரு தடவை எடுத்து உதறி, கடினமான பிரஷ்ஷால் தையல் வரிசையோடு தேய்த்துவிட்டுத் திரும்பப் போட்டால் பிசிறு நிமிர்ந்து நிற்கும். மூன்று நான்கு துவைப்புக்குப் பிறகுதான் அது முழுதாக மலரும். முதல் நாள் பார்த்து மனம் தளர வேண்டாம்.

கிழிந்தால்

ஒரு சதுரம் மட்டும் தேய்ந்து கிழிந்தால் போர்வையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நெய்த பருத்தியில் ஒரு 8 இன்ச் சதுரம் வெட்டி, கிழிந்த சதுரத்தின் மேல் வைத்து, புதுத் துணியின் ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளிச் சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டு, நடுவிலும் குறுக்கே பெருக்கல் குறியாகத் தைத்துவிடுங்கள். பழைய பிசிறைத் தையலுக்குள் மாட்டவிடாமல் விரலால் ஒதுக்கிக்கொள்ளுங்கள். புதுத் துணியின் ஓரத்தையும் வெட்டிவிட்டால் அடுத்த துவைப்பில் அதுவும் பிசிறு விட்டு மற்றதோடு சேர்ந்துகொள்ளும். இதற்காகவே போர்வை தைக்கும்போது மிஞ்சும் துணியில் நாலைந்து சதுரத்தை வெட்டி, போர்வையோடு சேர்த்தே துவைத்து எடுத்துவையுங்கள். நிறமும் சுருக்கமும் போர்வையோடு ஒத்துப்போகும்.